சீக்கிரம் முடித்துவிடும் பிள்ளைகள்

வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் கணக்கைப் போட்டுவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். நீங்களே அப்படி ஒரு பிள்ளையாக இருந்திருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு நம் பள்ளிகளில் வழக்கமாகக் கிடைப்பது மூன்றில் ஒன்று: அதே மாதிரி இன்னும் 10 கணக்கு, பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதும் சட்டாம்பிள்ளை வேலை, அல்லது ஆசிரியருக்கு டீ வாங்கி வர ஓட்டம். 34 ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் காலந்தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த மூன்றையும் இரண்டு வருஷம் அனுபவித்த பிள்ளை, மெதுவாக முடிப்பதே புத்திசாலித்தனம் என்று தெரிந்துகொண்டுவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில், திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு சிறுமி. கணக்கை முடித்த பிறகும் மற்றவர்கள் முடிக்கும் வரை பென்சிலை நோட்டில் ஓட்டிக்கொண்டே இருப்பாள். "முடிச்சிட்டியாம்மா?" என்றால், "இன்னும் இல்ல சார்" என்பாள். 10 வயதில் ஒரு குழந்தை தன் அறிவை ஒளித்து வைக்கப் பழகியிருந்தாள். அவள் அப்பாவோ ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிடும் யோசனையில் இருந்தார். ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும்.

அவளுக்கு இன்னொரு கணக்கு கொடுக்கவில்லை, ஒரு கம்பு கொடுத்தேன். 1 மீட்டர் நீளம். மைதானத்தில் செங்குத்தாக நட்டு, "நிழல் எப்போது மிகவும் குட்டையாக இருக்கிறது? கண்டுபிடித்துச் சொல்" என்றேன். அவ்வளவுதான். கூட இரண்டு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டாள். கால் மணிக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் கூழாங்கல் வைத்து அளந்தார்கள். அது பிப்ரவரி மாதம்.

இரண்டாம் நாள் வந்து, "சார், பள்ளிக்கூடத்துக் கடிகாரம் தப்பு. 12 மணிக்கு நிழல் இன்னும் குறைஞ்சுக்கிட்டேதான் இருக்கு" என்றாள். "அப்படியா, சரிபார்" என்றேன். வானொலிச் செய்தி நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். கடிகாரம் சரியாகவே இருந்தது. அடுத்த சிக்கல், உச்சி நேரத்தில் நிழல் ஏறக்குறைய ஒரே நீளமாக நிற்கும். எந்த நிமிடம் மிகக் குட்டை என்று கண்ணுக்குப் பிடிபடாது. ஒரு வாரம் யோசித்து அவளே வழி கண்டாள். 11 மணிக்கு இருந்த நீளம் மறுபடி எப்போது வருகிறது என்று பார்த்தாள். 2 மணி 5 நிமிடத்துக்கு வந்தது. இரண்டுக்கும் நடு எதுவோ அதுதான் உச்சி: ஏறத்தாழ 12:32. எந்தப் புத்தகத்திலும் பார்த்து எழுதியது இல்லை.

காரணம் இதுதான். இந்திய நேரம் மிர்சாப்பூர் பக்கமாகப் போகும் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது. நாம் இருப்பது 78 டிகிரியில். சூரியன் ஒரு டிகிரி கடக்க 4 நிமிடம் ஆகும். ஆக நமக்கு 18 நிமிடம் தாமதம். மீதி 14 நிமிடம், பூமியின் பாதை சரியான வட்டமாக இல்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் வருவது. அது மாதத்துக்கு மாதம் மாறும். நவம்பர் தொடக்கத்தில் உச்சி 12:02-க்கே வந்துவிடும். முதல் பாதியை வரைபடத்தை வைத்து அவளே கணக்கிட்டாள். இரண்டாம் பாதிக்கு, "அளந்துகொண்டே இரு" என்று மட்டும் சொன்னேன்.

அவள் அப்பா ஒருநாள் வந்தார். "நிழலை அளந்தா எத்தனை மார்க்கு சார்?" நியாயமான கேள்வி. "மார்க்கு கிடையாதுங்க" என்றேன். மகளின் நோட்டைப் புரட்டினார். "இதென்ன, நிழல் எப்பவும் வடக்கேயே விழுதுன்னு எழுதியிருக்கே? வைகாசியில உச்சிவேளை நிழல் தெக்கால விழுமே, தெரியாதா?" அந்தப் பெண் வாயைப் பிளந்தாள். அவர் சொன்னது சரி. ஏப்ரல் நடுவில் ஒருநாள் எங்கள் ஊரில் உச்சியில் கம்பின் நிழல் காலடியில் மறையும். அதற்குப் பின் ஆகஸ்ட் கடைசி வரை நிழல் தெற்கே சாயும். ஏர் ஓட்டியவருக்கு அது வாழ்க்கையில் தெரிந்த விஷயம். கோடை விடுமுறையில் அப்பாவும் மகளும் வாசலில் சேர்ந்து அளந்தார்கள். ஜூனில் அவள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். கம்பால்தான் சேர்ந்தாள் என்று சொல்ல மாட்டேன். அதே பள்ளியில் அவள் அத்தை மகன் படித்ததும் ஒரு காரணம்.

அதே வகுப்பில் மளிகைக்கடைக்காரர் மகன் ஒருவன். வாசிக்கத் தடுமாறுவான், மக்கு என்று முத்திரை விழுந்திருந்தது. மூங்கில் குச்சி, இரண்டு கொட்டாங்குச்சி, சணல் கொண்டு தராசு செய்யச் சொன்னேன். எடைக்கல்லுக்கு ஒரே மாதிரியான 10 பைசாக் காசுகளைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டோம். கேள்வி: ஒரு காசு எடையிலிருந்து 40 காசு எடை வரை எல்லாவற்றையும் நிறுக்கக் குறைந்தது எத்தனை பொட்டலம் வேண்டும்?

முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் 1, 2, 4, 8, 16, 32 என்று ஆறு சொன்னார்கள். நல்ல விடைதான். இவன் மட்டும், "சரக்கு இருக்கிற தட்டிலயும் கல்லு வைக்கலாமா சார்?" என்றான். "எங்க கடையில 400 கிராம் நிறுக்கணும்னா அந்தப் பக்கம் அரைக்கிலோக் கல்லு, சரக்கோட 100 கிராம் கல்லு." ஒரு வாரத்தில் நான்கு பொட்டலத்துக்கு வந்துவிட்டான்: 1, 3, 9, 27. ஐந்து வேண்டுமா? ஒரு தட்டில் 9. மறு தட்டில் சரக்கோடு 3-உம் 1-உம். பிரான்சில் பாஷே என்பவர் 1612-இல் வெளியிட்ட புதிர்க்கணக்கு நூலில் உள்ள கணக்கு இது. பையனுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது கல்லாப்பெட்டி.

அமெரிக்காவில் ஜோசப் ரென்சுல்லி என்ற கல்வியாளர் 1978-இல் எழுதினார்: மீத்திறன் என்பது சராசரிக்கு மேலான திறமை, படைப்பாற்றல், எடுத்த வேலையை விடாத பிடிவாதம் ஆகிய மூன்றும் சேரும் இடம். நம் மதிப்பெண் பட்டியலில் முதலாவதில் ஒரு மூலைதான் தெரியும். மற்ற இரண்டும் தெரிய, பிள்ளையின் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். பின்னாளில் செயல்வழிக் கற்றல் வந்து, பிள்ளைகள் அவரவர் வேகத்தில் அட்டை எடுத்துப் படித்தார்கள். அதை நான் வரவேற்றேன். ஆனாலும் ஏணியில் வேகமாக ஏறுவது வேறு, ஏறிய இடத்தில் நின்று நாலாபுறமும் பார்ப்பது வேறு.

அந்தப் பையன் எட்டாம் வகுப்போடு கடைக்குப் போய்விட்டான். அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. இப்போது அவன் கடையில் இருப்பது மின்னணுத் தராசு.

பேரப்பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய நினைக்கும் நண்பர்களுக்குச் சில வார்த்தைகள். வீட்டில் கிடைக்கும் பொருளாக இருக்கட்டும். பிழை வந்தால் மறுபடி அளக்க முடிகிற வேலையாக இருக்கட்டும். ஒரு நாளில் முடியாததாக இருந்தால் நல்லது. நிழல் மறையும் நாள் கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில் வரும், சென்னையில் 24 வாக்கில். மொட்டை மாடியில் ஒரு கம்பை நட்டு, "உச்சி எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேளுங்கள். 12 மணி என்று பிள்ளை உடனே சொல்லும். மறுத்துப் பேசாமல், ஒரு அடிக்கோலைக் கையில் கொடுத்துவிட்டு நிழலில் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள்.