தாதாசாரியார் குளமும் பறங்கிக் குதிரையும்

காஞ்சியிலிருந்து கிளம்பி, செவிலிமேடு தாண்டி, பாலாற்றைக் கடந்து ஐயங்கார்குளம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. சஞ்சீவிராயர் கோயிலை ஒட்டிப் பரந்து கிடக்கிற குளத்துக்குத் தாதசமுத்திரம் என்று பெயர். வெட்டுவித்தவர் லட்சுமிகுமார தாதாசாரியார். விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடபதி ராயரின் குரு. அருகில் இருக்கிற நடவாவிக் கிணறும் அவர் பணிதான் என்கிறார்கள். தோரணவாயில் வழியே படியிறங்கினால், பூமிக்குள் கல் மண்டபம், நடுவே கிணறு. சித்ரா பௌர்ணமிக்குத் தண்ணீரை இறைத்துவிட்டு, காஞ்சி வரதரை உள்ளே எழுந்தருளச் செய்கிறார்கள்.

நான் தேடி வந்ததோ போர்த்துகீசியர் சுவடு. இங்கே அவர்களுக்கு என்ன வேலை? கிணற்றுக்குள் அப்படி ஏதும் என் கண்ணில் படவில்லை. ஆனால் தாதாசாரியாரின் சீடரான அந்த ராயரின் சந்திரகிரி அரண்மனைக்கு, 1598 முதலே, போர்த்துகீசியர் ஆதரவில் வந்த ஏசுசபைப் பாதிரிமார் போய்வந்துகொண்டிருந்தார்கள். ஒரே தர்பாரில் வைணவ ஆச்சாரியாரும் லிஸ்பனிலிருந்து கப்பலேறி வந்தவர்களும்!

மாலையில் காஞ்சிக்குத் திரும்பி வரதராஜர் கோயில் கல்யாண மண்டபத்துக்குப் போனேன். கல்சங்கிலியைப் பார்க்கத்தான் எல்லோரும் அண்ணாந்து நிற்கிறார்கள். நான் தூண் தூணாகக் குதிரை வீரர்களைத் தேடினேன். முன்காலைத் தூக்கிப் பாயும் குதிரை. சேணம், கடிவாள வார் எல்லாம் உளி நுனியில் துலங்குகின்றன. மேலே இருப்பவன் கையில் துப்பாக்கி.

"பறங்கிக்காரன் சார் அது" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர்.

"நம்ம ஊர்ச் சிப்பாயா இருக்கக்கூடாதா, ஐயா?"

"துப்பாக்கி அவன் கொண்டாந்ததுதானே?"

பதில் சொல்ல முடியவில்லை. துப்பாக்கி பிடித்தவனெல்லாம் பறங்கி என்று நான் ஒப்பமாட்டேன். விஜயநகரப் படையும் அதைப் பழகிக்கொண்டது. குதிரை விஷயத்தில் போர்த்துகீசியர் பிடி இன்னும் இறுக்கம். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது மிளகுக்காக. 1510இல் போர்த்துகீசிய ஆளுநர் அல்புகெர்க் கோவாவைப் பிடித்ததும் அரபுக் குதிரை வணிகம் அவர்கள் கைக்குப் போனது. கோவா சுங்கத்துக்கு அது நல்ல வருமானம். விஜயநகர அரசருக்கோ குதிரை இல்லாமல் படையே இல்லை.

விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியக் குதிரை வியாபாரி நூனிஸ் ஒரு சேதி எழுதிவைத்திருக்கிறார். அவர் காலத்துக்கு முந்தைய அரசர் சாளுவ நரசிம்மர், கடலிலேயே செத்துப்போன குதிரைக்கும் முழு விலை கொடுப்பாராம். வியாபாரி அதன் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதுமாம்.