இரண்டு தொட்டிகள், ஒரு சொம்புத் தண்ணீர்

புனேயிலிருந்து அகில்யாநகர் - பழைய அகமதுநகர் - செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 50 கி.மீ. போனால் ரஞ்சன்காவ். ஊருக்கு இரண்டு முகங்கள். ஒன்று, அஷ்ட விநாயகத் தலங்களில் ஒன்றான மகாகணபதி கோயில். மற்றது, எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டை. கோயிலுக்கு வருகிறவர்கள் அன்றே திரும்பிவிடுகிறார்கள். தொழிற்பேட்டைக்கு வருகிறவர்கள் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள்.

அப்படி வந்தவர்தான் விருதுநகர்ப் பக்கத்துப் பெண் ஒருவர். கணவருக்கு ஷிஃப்ட் வேலை. இரண்டாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை, நாலடி பால்கனி. 2022 ஜூலையில் குடிவந்தபோது கையில் ஐந்து மாதக் குழந்தை. மராத்தி ஒரு வார்த்தை தெரியாது. முதல் சிநேகிதம் எதிர்வீட்டுக் கிழவி. கட்டடம் முழுக்க அவரை 'ஆஜி' என்றுதான் அழைக்கிறது. மராத்தியில் பாட்டி. ஆஜி கொடுத்த வரவேற்புப் பரிசு இரண்டு தொட்டிகள்: ஒன்றில் துளசி, மற்றதில் கற்றாழை. 'கோர்பட்' என்று ஆஜி சொன்னது கற்றாழையைத்தான் என்று செடியைப் பார்த்ததும் புரிந்தது.

ஊரில் வளர்ந்த பழக்கம். காலையில் குளித்ததும் துளசிக்கு ஒரு சொம்புத் தண்ணீர். பக்கத்திலிருப்பதை மட்டும் விட மனம் வருமா? கற்றாழைக்கும் ஒரு சொம்பு. ஒரே மாதம். துளசி தழைத்தது, கற்றாழை அடித்தண்டு பழுப்பேறிக் கொழகொழவென்று ஆனது. நோய் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டார்.

ஆஜி வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். செடியைப் பிடுங்கி, அழுகிய பாகத்தை வெட்டியெறிந்து, நாலு நாள் நிழலில் காயப்போட்டு, மணல் கலந்த மண்ணில் மறுபடி நட்டார். உடைந்த ஹிந்தியில் பாடமும் நடத்தினார்: "இதற்குப் பசித்தால்தான் சோறு. மண் நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் விடு."

ஆஜி சொன்னதில் விஞ்ஞானம் இருக்கிறது. கற்றாழையின் பூர்வீகம் அரேபியப் பாலை நிலம். மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து மூச்சுவிடும்போது நீரையும் இழக்கின்றன. கற்றாழை பகலில் துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கிறது. கரியமில வாயுவை அப்போதே வாங்கிச் சேமிக்கிறது. மடலுக்குள் இருக்கும் சோறு அதன் தண்ணீர்த் தொட்டி. துளசிக்கு அந்த வசதி இல்லை. மெல்லிய இலை, நிறைய வெயில், தினசரி நீர். ஒருநாள் மறந்தாலும் வாடிக் காட்டும். பூங்கதிரை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். விட்டுவிட்டால் செடி விதையில் கவனம் வைத்து இலையைக் குறைத்துக்கொள்ளும்.

உபயோகத்திலும் இரண்டும் வேறு வேறு கட்சி. துளசியின் வாசனைக்கு முக்கியக் காரணம் யூஜினால் என்ற எண்ணெய்ப் பொருள்; கிராம்பில் இருப்பதும் அதுதான். தொண்டைக் கரகரப்புக்கு நாலு இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் பெரியவர்களுக்கு இதம். கற்றாழை பெரும்பாலும் மேல்பூச்சுக்காரர். ஒருநாள் தாளிக்கும்போது எண்ணெய் தெறித்தது. ஆஜி முதலில் கையைக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் பிடிக்கவைத்தார். பிறகுதான் மடலை வெட்டினார். அதையும் உடனே தடவவில்லை. செங்குத்தாக நிறுத்தி, வடிந்த மஞ்சள் பாலைக் கழுவியபின் உள்ளிருக்கும் சோற்றை மட்டும் எடுத்தார். அந்தப் பால் காய்ந்தால் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கரியபோளம். கடும் பேதி மருந்து; கர்ப்பிணிகளுக்கு ஆகாது. கற்றாழைப் பாலில் செய்த பேதி மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்பதை அமெரிக்கா 2002-ல் நிறுத்தியது.

2023 ஜனவரி. ரஞ்சன்காவ் குளிர் விருதுநகர்க்காரர்களுக்குப் புதிது. குழந்தைக்குச் சளி, இருமல். ஊருக்கு போன் போட்டார். "துளசிச் சாறு குடும்மா, ரெண்டு நாள்ல கேட்கும்" என்றார் அம்மா. கொடுத்தார். மூன்றாம் நாள் இருமல் குறைந்தது. கணவரிடம் "கேட்டுடுச்சுங்க" என்றார். ஆனால் குழந்தை பால் குடிக்கவில்லை.

சாயங்காலம் எட்டிப்பார்த்த ஆஜி குழந்தையின் சட்டையைத் தூக்கினார். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. ஆஜி எதுவும் பேசவில்லை. சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். ஒரு நிமிஷத்தில் அறுபதைத் தாண்டியது. "இது இலை பார்க்கிற வேலையில்லை, கிளம்பு" என்றார்.

நிமோனியா. ஐந்து நாள் ஆஸ்பத்திரி, ஆக்சிஜன், ஊசி. இரண்டு மாதத்திலிருந்து 11 மாதம் வரையான குழந்தை நிமிஷத்துக்கு 50 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் ஆபத்து என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. மார்பு உள்வாங்கினால் காத்திருக்கவே கூடாது. கைவைத்தியத்தோடு தேன் கலந்து கொடுப்பதும் ஒரு வயது வரை ஆகாது. இதெல்லாம் அந்தப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் தெரிந்தது.

வீடு திரும்பிய பின் கொஞ்ச நாள் துளசிப் பக்கமே போகவில்லை. தண்ணீர் ஊற்றியவர் கணவர்தான். கதிர் கிள்ள அவருக்குத் தெரியாது. "செடி மேல ஏன் கோபம்? அது என்னம்மா பண்ணும்" என்று ஒருநாள் கேட்டார். பதில் இல்லை.

மே மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனார்கள். ஆஜியும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். ஜூன் முதல் வாரம் திரும்பியபோது கற்றாழை இளைத்து, மடல் சிவந்து, உயிரோடு நின்றது. துளசி வெறும் குச்சி. உச்சியில் கிள்ளப்படாத கதிர்கள் காய்ந்து தொங்கின.

எடுத்தெறியப் போனவரை ஆஜி தடுத்தார். மகாகணபதிக்கு அருகம்புல் உண்டு. விநாயக சதுர்த்தி நீங்கலாகத் துளசி சாற்றுவதில்லை. "சாமிக்கே எது எதுக்கு என்று கணக்கிருக்கிறது. நீ எல்லாவற்றையும் ஒரே இலையிடம் கேட்டாய்" என்றார். பிறகு காய்ந்த கதிரை உள்ளங்கையில் கசக்கி அதே தொட்டியில் உதிர்த்தார்.

பத்து நாளில் ஊசிமுனை போலப் பச்சை தெரிந்தது. அதற்குத் தினமும் காலையில் தண்ணீர் போகிறது. கற்றாழைக்கு மண்ணில் விரல் விட்டுப் பார்த்த பிறகுதான். குழந்தை இருமினால் இப்போதும் அந்தப் பெண்ணின் கண் முதலில் போவது கடிகாரத்துக்கு.