பன்னிரண்டு வருஷ எச்சரிக்கை

அம்பத்தூர் எஸ்டேட்டில் சிஎன்சி மெஷின்களின் ஓட்டக் கணக்கை எடுக்கும் நிரல்களைப் பராமரிப்பது என் வேலை. பட்டறைக் கம்ப்யூட்டர்களை உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்கு மாற்றினோம். கூடவே பைத்தானும் 3.10-லிருந்து 3.12 ஆனது. நிரலில் யாரும் கை வைக்கவில்லை. ஆனாலும் அது நம்பியிருந்த சில பேக்கேஜ்கள் பில்டு ஆகவில்லை.

முன்கூட்டியே பில்டு செய்த வீல் கோப்பு தயாராக இருந்தால், பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பிப் அதை இறக்கி வைத்துவிட்டுப் போய்விடும். சி மொழிப் பகுதியுள்ள பழைய பேக்கேஜுக்குப் புதுப் பைத்தானுக்கான வீல் பெரும்பாலும் இருக்காது. அப்போது மூலத்தை எடுத்து நம் மெஷினிலேயே பில்டு செய்யப் பார்க்கும். யாரும் திறந்தே பார்க்காத செட்டப் கோப்பு அன்றைக்குத்தான் ஓடும்.

திரை நிறையப் பிழை கொட்டும்போது கடைசி வரியைப் பிடித்துத் தொங்கக் கூடாது. அது பில்டு தோற்றதை மட்டும்தான் சொல்லும். மேலே ஏறிப்போய், பிழை வந்த வழியைக் காட்டும் ட்ரேஸ்பேக் முடிகிற இடத்தைப் படிக்க வேண்டும். எங்களுக்கு அங்கே கிடைத்தது இது: பைத்தானின் கான்ஃபிக்பார்சர் மாட்யூலில் சேஃப்கான்ஃபிக்பார்சர் என்ற பெயர் இல்லை. 2011-ல் வந்த பைத்தான் 3.2-லேயே அந்தப் பெயரைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். நிஜமாகவே எடுத்தது 2023 அக்டோபரில், 3.12-ல்.

அத்தனை வருஷமும் எச்சரிக்கை ஏன் காதில் விழவில்லை? பில்டு நல்லபடியாக முடிந்தால் அதன் வெளியீட்டை பிப் காட்டுவதில்லை. போதாக்குறைக்கு, அந்தப் பழைய பெயரைப் பயன்படுத்திய வரி இருந்தது வெர்ஷனியர் என்ற கருவியின் கோப்பில். அதை ஒவ்வொரு திட்டமும் தனக்கென்று நகலெடுத்து வைத்துக்கொள்ளும். மூலக் கருவியில் திருத்தினாலும் நகல்கள் பழசாகவே கிடக்கும். டிராயிங் மாறிய பிறகும் பட்டறைச் சுவரில் பழைய பிரிண்ட் தொங்குவதைப் போல.

பழைய பைத்தானிலேயே ஓட்டிவிடலாமே என்று தோன்றும். ஆனால் 3.10-க்குப் பாதுகாப்புத் திருத்தம் 2026 அக்டோபர் வரைதான். பேக்கேஜின் புதுப் பதிப்புக்கு மாறுவது முதல் வழி. அது இல்லையென்றால் அந்த வரியைத் திருத்தி, திருத்தத்தை மூலத் திட்டத்துக்கே அனுப்ப வேண்டும். நம்மிடமே வைத்துக்கொண்டால் அடுத்த பதிப்பில் மறுபடி அதே வேலை.

புதுப் பைத்தான் பதிப்பின் முதல் பீட்டா மே மாத வாக்கில் வரும், முழுப் பதிப்பு அக்டோபரில். இப்போதெல்லாம் பீட்டா வந்ததுமே வீல்களை ஒதுக்கிவிட்டு, எல்லாவற்றையும் மூலத்திலிருந்து பில்டு செய்து பார்க்கிறேன். எச்சரிக்கைகளையும் பிழையாகவே எண்ணச் சொல்கிறேன். உடைவது அப்போதே உடைந்தால், சரிசெய்ய நாலைந்து மாதம் கையில் இருக்கும். பட்டறையில் ஷிப்டும் நிற்காது.