மீன் தொட்டி ஸ்டாண்டு: மரமா? இரும்பா?



சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு ஒரு மீன் தொட்டி வந்தது. சித்தப்பா வீடு மாற்றிப் போகும்போது கொடுத்தது. 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். தொட்டி வந்துவிட்டது, ஆனால் ஸ்டாண்டு வரவில்லை. அதை எதில் செய்வது என்று எங்கள் வீட்டில் ஒரு மாதம் பட்டிமன்றமே நடந்தது.

இரும்பு அணிக்குத் தலைவர் எங்க அப்பா. அவர் வெல்டர். மர அணிக்குத் தலைவர் எங்க மாமா. அவர் தோணி கட்டும் ஓடாவிகளிடம் சின்ன வயதிலேயே வேலை பழகியவர். நடுவில் நான்.

"மாப்ளே, ஆங்கிள் நாலு வெட்டி ஒட்டுனா ஒரே நாள்ல வேலை முடிஞ்சிரும்" என்றார் அப்பா.

"முடியும் அத்தான். நம்ம ஊர் காத்துல அது எத்தனை வருசம் நிக்கும்னு சொல்லுங்க" என்றார் மாமா.

ஒரு ஸ்டாண்டுக்கு இவ்வளவு பேச்சா என்று நீங்கள் நினைக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். தொட்டியின் கொள்ளளவு 3 × 1 × 1.5 = 4.5 கன அடி. ஒரு கன அடியில் சுமார் 28 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அப்படியானால் ஏறக்குறைய 127 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதோடு கண்ணாடி 20 கிலோ, மணலும் கூழாங்கல்லும் 15 கிலோ. மொத்தம் 160 கிலோவுக்கு மேல்! 25 கிலோ அரிசி மூட்டை ஆறை அடுக்கி வைத்த மாதிரி. தொட்டி வைக்கப் போகும் இடத்துக்குப் பக்கத்தில்தான் ஆச்சி கட்டில் கிடக்கிறது. தம்பி அங்கேயே தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான். ஸ்டாண்டு சாய்ந்தால் மீன் மட்டும் சாகாது.

எங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். "பேசிக்கிட்டே இருந்தா எப்படி? செஞ்சு பாரு" என்றார். மொட்டை மாடியில் ஐந்து துண்டுகளை வரிசையாக வைத்தேன். வெறும் இரும்பு, பெயிண்ட் அடித்து அதில் ஆணியால் ஒரு கீறல் போட்ட இரும்பு, துத்தநாகம் பூசிய இரும்பு, பிளைவுட், வேப்பமரக் கட்டை. தினமும் காலையில் கடல் தண்ணீர் தெளித்தேன். 30 நாள்.

வெறும் இரும்பு இரண்டாம் நாளே சிவந்துவிட்டது. பெயிண்ட் அடித்தது மேலே பளபளவென்று இருந்தது. ஆனால் கீறல் இருந்த இடத்தில் நகத்தால் நெண்டிப் பார்த்தால் பெயிண்டுக்கு அடியில் துரு பரவியிருந்தது. துத்தநாகம் பூசியதில் வெள்ளைப் பொடி மட்டும் படிந்தது. பிளைவுட் ஓரத்தில் ஊறி, புத்தகம் மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்தது. வேப்பங்கட்டை கறுத்து, முனையில் சின்னதாக வெடித்தது. அவ்வளவுதான்.

துருப்பிடிக்க இரும்பு, ஆக்சிஜன், தண்ணீர் மூன்றும் வேண்டும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். உப்பு சேர்ந்தால் தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயும், துருப்பிடிப்பதும் வேகமாகும். உப்பு காற்றில் உள்ள ஈரத்தையும் இழுக்கும். உப்பளமும் கடலும் சூழ்ந்த நம் தூத்துக்குடியில் சைக்கிள் ரிம் சீக்கிரம் துருப்பிடிப்பது இதனால்தான். துத்தநாகம் இரும்புக்கு முன்னால் தான் கரைந்து, இரும்பைக் காப்பாற்றும். கப்பல்களின் அடிப்பகுதியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவதும் இதற்காகவே என்று அப்பா சொன்னார்.

"அப்ப துத்தநாகம் பூசின ஆங்கிள்லயே செஞ்சிரலாம்" என்றேன். அப்பாவே தலையை ஆட்டினார். "வெல்டு வைக்கிற இடத்துல அந்தப் பூச்சு எரிஞ்சு போகும்ல. மறுபடி பெயிண்ட்தான் அடிக்கணும்."

அப்போது அதுவரை பேசாமல் இருந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார்கள். "வருசா வருசம் அந்தத் தொட்டிய இறக்கி வச்சுப் பெயிண்ட் அடிக்கப் போறது யாரு?"

யாரும் பதில் சொல்லவில்லை. தண்ணீர் சொட்டி முதலில் துருப்பிடிப்பது தொட்டி உட்காரும் மேல் சட்டம்தான். 160 கிலோவை இறக்காமல் அந்த இடத்தைப் பார்க்கவே முடியாது. சதுரக் குழாயில் செய்தால் உள்ளே துரு அரிப்பதும் வெளியே தெரியாது. மரம் என்றால் ஊறினால் கறுக்கும், விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும். முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆகவே மரம் என்று முடிவானது.

மரம் என்றாலும் பிளைவுட் வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். எங்கள் வீட்டிலும் தண்ணீர் புகுந்தது. பிளைவுட் அலமாரியின் அடிப்பகுதி உப்பி, கதவு மூடவே முடியாமல் போனது. ஆச்சியின் பழைய வேப்பமரப் பெஞ்சு மட்டும் வெயிலில் காய்ந்து மறுபடி வீட்டுக்குள் வந்தது.

மாமா 3 அங்குலச் சதுர வேப்பங்கட்டையில் நான்கு கால் செய்தார். காலில் துளை வெட்டி, குறுக்குக் கட்டையின் முனையை அதற்குள் இறக்கினார். "பாரம் ஆணியில நிக்கக் கூடாதுல, கட்டையிலதான் நிக்கணும்" என்றார். கட்டையின் வெட்டுமுனை தண்ணீரை உறிஞ்சும். அதனால் கால்களின் அடியில் தார் பூசி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரானைட் துண்டு வைத்தார்.

அப்பா சும்மா இருக்கவில்லை. ஸ்டாண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார். லேசாக ஆடியது. "மேலேர்ந்து வர்ற பாரத்துல கால் ஒடியாது. ஆடி ஆடித்தான் சாயும்" என்று சொல்லி, துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டைகளைப் பின்பக்கமும் இரண்டு பக்கங்களிலும் பெருக்கல் குறி மாதிரி வைத்து போல்ட்டால் முடுக்கினார். வெல்டு இல்லை. அதன்பின் நான் தொங்கிப் பார்த்தும் அசையவில்லை.

கடைசியாக ரசமட்டம் வைத்துச் சமம் பார்த்தோம். பலகை மேல் அரை அங்குலத் தெர்மாகோல் விரித்து அதன்மேல் தொட்டியை வைத்தோம். பலகையில் சின்ன மேடு இருந்தாலும் பாரம் அந்த ஒரு இடத்தில் விழுந்து கண்ணாடி விரிசல் விடும். தெர்மாகோல் அமுங்கிக் கொடுக்கும். ஒரேயடியாக நிரப்பாமல், பாதித் தண்ணீர் விட்டு ஒருநாள் பொறுத்திருந்தோம்.

இப்போது அதில் மோலியும் கப்பியும் நீந்துகின்றன. "நம்ம கடல்ல பவளம் எடுத்து உள்ள போடேன்" என்று சில நண்பர்கள் சொன்னார்கள். கூடாது நண்பர்களே! மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. அது கடலில் இருப்பதுதான் அழகு.

உங்கள் வீட்டில் தொட்டி வைப்பதாக இருந்தால் "மரமா, இரும்பா?" என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மொத்தப் பாரம் எவ்வளவு? பக்கவாட்டில் ஆடுமா? கெட்டுப்போனால் வெளியே தெரியுமா? கடற்கரையிலிருந்து தள்ளி, காற்றில் உப்பில்லாத ஊரில் இருப்பவருக்கு இதற்கு விடை இரும்பாகவும் இருக்கலாம். எங்கள் வீட்டுக்கு மரம்.

ஸ்டாண்டைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. மாதம் ஒருமுறை கால்களை விரலால் அழுத்திப் பார்த்து, போல்ட்டுகளை முடுக்கி, காலண்டரில் தேதி எழுதி வைக்கிறேன். ஆச்சி கட்டில் இன்னும் அதே இடத்தில்தான் கிடக்கிறது.



– 10-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு