வரம் தராத தவம்

திருப்பதியில் பட்டினி கிடப்பவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. சனிக்கிழமை ஒருபொழுது இருப்பவர்கள், தரிசனம் முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வரிசையில் நிற்பவர்கள், அலிபிரியில் தொடங்கி 3550 படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுபவர்கள் என்று விரதம் அங்கே அன்றாட விஷயம். செங்குத்தான இடம் வந்ததும் முழங்காலால் ஏறுபவர்களும் உண்டு. வேண்டுதல் பலிக்கவில்லையென்றால் விரதத்தைக் கூட்டு என்பது எங்கள் பக்கத்து நியாயம். சாமியிடம் அது எடுபடலாம். உடம்பிடம் எடுபடுவதில்லை. என் அக்கா மகன் பாடிபில்டிங் போட்டிக்குத் தயாரானபோது இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அவனுக்குத் திருப்பதியில் ஒரு செல்போன் கடையில் வேலை. வாரம் முழுக்க அங்கே ரூமும் ஜிம்மும். சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்துச் சித்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். 75 கிலோ பிரிவில் மேடை ஏற வேண்டும் என்று 84 கிலோவிலிருந்து இறங்க ஆரம்பித்தான். சிக்கன், முட்டை வெள்ளைக்கரு, அளந்த சோறு, இரண்டு வேளை கார்டியோ. எடை முதலில் மளமளவென்று இறங்கியது. அதில் கணிசமான பங்கு தண்ணீர்தான் என்று ஜிம் மாஸ்டர் அப்போதே சொன்னார். சோற்றிலிருந்து உடம்பு சேர்த்து வைக்கும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் தங்கியிருக்கும். சோற்றைக் குறைத்தால் இரண்டும் சேர்ந்து போகும். அந்த வேகத்தை நம்பி மேடைக்கு நாள் குறிக்கக் கூடாது. சொன்னபடியே 79இல் வந்து நின்றது.

"எறங்கவே மாட்டேங்குது மாமா. இன்னா பண்றதுன்னே புரியல" என்றான்.

ஜிம்மில் இதை பிளாட்டோ என்பார்கள். டயட்டில் இருக்கிற எல்லாருக்கும் வரும். எல்லாருக்கும் ஒரே காரணத்தால் வருவதில்லை. ஒரே ஆளுக்கே ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம் இருக்கும்.

மாஸ்டர் சோற்றைக் குறைக்கவில்லை. வாயில் போனதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு வா என்றார். திங்கள் முதல் சனி வரை கிராம் சுத்தமாக எழுதியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் 'களி, சட்னி' என்று மட்டும் இருந்தது. அந்தச் சட்னியை நான் அறிவேன். "வத்திப் போயிட்டியேடா கண்ணு" என்று என் அம்மா களியின் நடுவே குழி பண்ணி, வேர்க்கடலைச் சட்னியைக் குழி நிரம்பி வழிய ஊற்றுவாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கரண்டி விழும். 30 கிராம் வேர்க்கடலையில் சுமார் 170 கலோரி; தாளித்த எண்ணெய் ஒரு மேஜைக்கரண்டி என்றால் 120. களியை அளந்தவன் சட்னியை அளக்கவில்லை.

இன்னொன்று ஏட்டிலேயே ஏறாதது. அவன் கடையில் தினமும் யாராவது ஒருவர் மலையிலிருந்து இறங்கி வந்திருப்பார். 175 கிராம் லட்டு உடையும், ஆளுக்கொரு துண்டு கைக்கு வரும். நெய், சர்க்கரை, முந்திரி, கல்கண்டு. கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொள்வான். ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, "பிரசாதத்தப் போயி யாராவது எழுதுவாங்களா மாமா?" என்றான்.

1992இல் நியூயார்க்கில், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்ன சிலரை லிக்ட்மன் என்பவரின் குழு சோதித்தது. அவர்கள் உடம்பின் கலோரிச் செலவு இயல்பாகவே இருந்தது. சாப்பிட்டதில் ஏறத்தாழப் பாதிதான் அவர்கள் கணக்கில் வந்திருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. பாசத்தோடு ஊற்றியதும் பக்தியோடு கொடுத்ததும் யாருக்கும் தீனியாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான். சட்னி ஒரு கரண்டியானது. லட்டு ஒரு விள்ளலானது, அந்த விள்ளலும் ஏட்டில் ஏறியது. எடை மறுபடி இறங்கியது.

77இல் திரும்பவும் நின்றது. இந்த முறை ஏடு சுத்தமாக இருந்தது. தப்பு எங்கே என்று தெரியாததால் அவன் ஊர் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டான். ராத்திரிச் சோற்றை நிறுத்தினான். விடியற்காலையில் எழுந்து அலிபிரிப் படி ஏறினான். ஏறத்தாழ 9 கிலோமீட்டர் பாதை, இறங்குவதற்கு பஸ். எடை அசையாத ஒவ்வொரு வாரமும் மலைக்குப் போவது கூடியது.

மீதிப் பொழுது அவன் எப்படி இருந்தான் என்பதை அவன் கவனிக்கவில்லை. முன்பெல்லாம் வாடிக்கையாளர் கேட்பதற்குள் எழுந்து ஷோகேஸிலிருந்து நாலு செல்போன் எடுத்துப் பரப்புவான். இப்போது ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கைக்கு எட்டியதை நீட்டினான். அடுத்த தெரு டீக்கடைக்கு ஸ்கூட்டர். நான் பேசினால் தலையாட்டல்தான் பதில். மலையில் செலவழித்ததை உடம்பு கடையில் உட்கார்ந்து மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தது. எடை குறைந்தால் செலவும் குறைவது இயல்பு. சின்ன உடம்புக்குச் சின்னச் செலவு. ஆனால் பத்து சதவீத எடை குறைந்தவர்களின் செலவு அந்தக் கணக்குக்கும் கீழே போகிறது என்று 1995இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரூடால்ஃப் லைபல் குழு காட்டியது. அதற்கு முந்தைய வருஷம் அதே வளாகத்தில்தான் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் லெப்டினைக் கண்டுபிடித்தார். கொழுப்பு இருப்பு குறைகிறது என்று மூளைக்குச் சேதி சொல்லும் ஹார்மோன் அது. அது தாழ்ந்தால் பசி ஏறும், சுறுசுறுப்பு இறங்கும்.

ராத்திரியில் அவன் பிரியாணி செய்யும் வீடியோக்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பான் என்று ரூம் நண்பன் சொன்னபோது எனக்கு மினசோட்டா ஆய்வு ஞாபகம் வந்தது. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்து ஆராய்ந்தார். கால்வாசி எடை போயிற்று. எப்போதும் குளிர்ந்தது, நடை தளர்ந்தது. சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள். உடம்பு வற்றிக்கொண்டே வர, கணுக்காலில் மட்டும் நீர் கோத்து வீங்கியது.

அந்த நீர்தான் மூன்றாவது காரணம். கடும் பட்டினி, ஓயாத பயிற்சி, தூக்கக் குறைவு எல்லாம் சேரும்போது உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும். கொழுப்பு போன இடத்தை நீர் அடைத்துக்கொண்டால் தராசு அசையாது. மாஸ்டர் இன்ச் டேப்பை எடுத்துத் தொப்புளுக்கு நேராகச் சுற்றினார். எடை நின்ற அதே வாரங்களில் இடுப்பு ஒரு இன்ச்சுக்கு மேல் சுருங்கியிருந்தது. இவன் பாதி நாள் இல்லாத தேக்கத்தோடு சண்டை போட்டிருக்கிறான்.

பத்து நாளைக்கு மலை கிடையாது, எடை ஏறாமலும் இறங்காமலும் நிற்கிற அளவுக்குச் சோறு உண்டு என்றார் மாஸ்டர்.

"தின்னா ஏறிடாதா மாஸ்டர்?"

"ஏறும். தண்ணிதான் ஏறும். ஏறட்டும்."

பட்டினிக்குப் பயப்படாதவன் ஒரு கப் சோற்றுக்குப் பயந்தான். ஒரு கிலோ ஏறவும் செய்தது. தூக்கம் வந்தது, பளுவில் பழைய பலம் திரும்பியது, கடையில் எழுந்து நின்றான். திரும்ப டயட்டுக்கு வந்த சில நாளில் 76க்குக் கீழே போய்விட்டது.

இதை மந்திரம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வாரம் டயட், இரண்டு வாரம் இடைவெளி என்று மாற்றி மாற்றி இருந்த பருமனான ஆண்களுக்குக் கொழுப்பு கூடுதலாகக் குறைந்ததாக 2017இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு சொன்னது. பளு தூக்கிப் பழகியவர்களிடம் நடந்த பிந்தைய ஆய்வில் அந்த லாபம் தெரியவில்லை. பசிதான் சற்று மட்டுப்பட்டது. ஆனால் டயட்டில் இருக்கிறவனுக்குப் பசி மட்டுப்படுவது சின்ன விஷயமா?

எடை நின்றுபோன அந்த வாரங்களில்தான் ஜிம்முக்கு வெளியே ஒருவன் மாத்திரை அட்டையோடு வந்து நிற்பான். கொழுப்பைக் கரைக்க ஒன்று, நீரை வற்றவைக்க ஒன்று. 1992இல் நெதர்லாந்தில் ஒரு போட்டி முடிந்த கையோடு முகமது பெனாஸிஸா என்ற பெரிய வீரர் இறந்துபோனார். நீரை வற்றவைத்ததுதான் காரணம் என்று பேசப்பட்டது. மாவட்டப் போட்டி மெடலுக்கு அந்த விலை வேண்டாம் என்று மாஸ்டர் சொல்லிவைத்திருந்தார்; பையன் கேட்டான்.

போட்டியில் ஐந்தாம் இடம். மேடையில் எடைக்கு மார்க் கிடையாது. எந்தப் பிரிவில் நிற்பது என்பதைச் சொல்வதோடு தராசின் வேலை முடிந்துவிடுகிறது. எனக்கிருந்த கவலையெல்லாம் மறுநாளைப் பற்றித்தான். மாதக்கணக்கில் அடக்கிய பசி அத்தனையையும் திருப்பி ஏற்றிவிடக்கூடும்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து விரதக்காரர்கள் அவனைவிட விவரமானவர்கள். ஏகாதசிப் பட்டினிக்குத் துவாதசிப் பாரணை என்று ஒன்று உண்டு. எப்போது முடிப்பது, அகத்திக்கீரை நெல்லிக்காய் என்று எதைக் கொண்டு முடிப்பது, எல்லாம் தொடங்கும்போதே தெரியும். அவர்களிடமிருந்து அவன் எடுத்துக்கொண்டது முழங்கால் வலியை மட்டும்தான். எடுத்திருக்க வேண்டியது பஞ்சாங்கத்தை. எந்த டயட்டானாலும், முடிக்கிற தேதியையும் முடிக்கிற விதத்தையும் எழுதி வைத்துவிட்டுத்தான் முதல் வேளைச் சோற்றைக் குறைக்க வேண்டும்.