16 ஆண்டும் 4 கிலோமீட்டரும்

"பிடிஓ போடலாமா?"

சிங்கப்பூரில் பல காதல்கள் திருமணப் பேச்சாக மாறுவது இந்த ஒரு கேள்வியில்தான். 2001ல் தேவைக்கேற்பக் கட்டித் தரப்படும் வீடுகளை வீவக அறிமுகப்படுத்தியபோது, அது ஒருநாள் காதல் வசனமாகும் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். வானொலியில் நேயர்களிடம், "உங்களவர் எப்படிக் கேட்டார்?" என்று விசாரித்தால் எனக்கு அடிக்கடி கிடைக்கும் பதிலும் இதுதான்.

என்னிடமும் அப்படித்தான் கேட்டார். நண்பர்களின் மேடை நாடகம் ஒன்றில் ஒலி அமைப்பைக் கவனித்துக்கொள்ள வந்தவர் அவர். திருச்சிக்காரர், பொறியாளராக வந்து நிரந்தரவாசி ஆனவர். ஈராண்டு நட்புக்குப் பிறகு, கோமள விலாசில் தோசைக்குக் காத்திருந்தபோது கேட்டார். தோசை வருவதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன்.

அப்பா சொல்லவில்லை. நாங்கள் மூன்று தலைமுறையாக இங்கே இருப்பவர்கள். "பையன் நல்லவன்தாம்மா. ஆனா ஊர்லேருந்து வந்தவங்க ஒருநாள் ஊருக்கே போயிடுவாங்க. உன்னையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டா நாங்க என்ன பண்றது?" என்றார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவர் குரலில் இருந்தது பயம்.

அப்போது எனக்குத் தெம்பு தந்தது நம் முன்னாள் அதிபர் எஸ் ஆர் நாதனின் காதல் கதை. இளவயதில் ஜோகூரின் மூவார் நகரில் அவர் ஊர்மிளா நந்தேயை விரும்பினார். இவர் தமிழர், அவர் வங்காளி. வீட்டு எதிர்ப்பைக் கடந்து 1958 நவம்பர் 15ஆம் தேதி இருவரும் மணந்தபோது 16 ஆண்டுகள் ஓடியிருந்தன. இடையில் போர் முடிந்தது. நாதன் வேலை பார்த்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்து 1954ல் பட்டயமும் பெற்றார். மனம் மட்டும் மாறவில்லை. 1999ல் அவர் அதிபரானபோது அருகில் நின்றவரும் அதே ஊர்மிளாதான்.

எங்களுக்கு 16 ஆண்டுகள் தேவைப்படவில்லை. ஞாயிறுதோறும் அப்பாவுடன் தேக்கா ஈரச்சந்தைக்குப் போகத் தொடங்கினார் அவர். மீன் பை தூக்குவார், அப்பா சொல்லும் பழைய சிராங்கூன் சாலைக் கதைகளைக் கேட்பார். கல்யாணப் பேச்சை எடுக்கவே மாட்டார். "ஊருக்குப் போகவே மாட்டேன்னு அப்பாவிடம் சத்தியம் பண்ணிடுங்களேன்" என்று ஒருமுறை சொன்னேன். "எங்க அம்மா அப்பா திருச்சியில இருக்காங்க. அப்படிச் சொன்னா அது பொய்" என்றார். இதை அப்பாவிடமும் அப்படியே சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றுதான் என்று அம்மா பிறகு சொன்னார்.

ஏறக்குறைய ஓராண்டு கழித்து ஒரு காலை, மீனைக் கழுவியபடியே அப்பா கேட்டார்: "பெத்தவங்க வீட்டுக்கு 4 கிலோமீட்டருக்குள்ள போட்டா முன்னுரிமை உண்டாமே?"

அதுதான் அவர் தந்த சம்மதம். இரண்டு மாதத்தில் திருச்சியிலிருந்து அவர் பெற்றோர் வந்தார்கள். பஃப்ளோ ரோட்டில் பூ வாங்கி, தட்டு மாற்றி, எங்கள் வரவேற்பறையிலேயே பரிசம் நடந்தது.

வீட்டு விண்ணப்பத்துக்கு இருவர் பெயர் போதும். பரிசத் தட்டை ஏந்த இரு குடும்பத்தின் கைகள் வேண்டும். வீடு கட்டி முடியச் சில ஆண்டுகள் பொறுமையாகக் காத்திருக்கிறோம். பெற்றவர்களின் பயம் தீரவும் கொஞ்சம் காலம் கொடுக்கலாமே.