கருவாட்டு வாடை அடித்த கம்ப்யூட்டர்

மலர்க்குழு நண்பர்கள் வந்து, "ஆட்டோமொபைல் பிரிவிலிருந்து ஒருத்தனும் எதுவும் எழுதித் தரலை, நீயாவது எழுதுடா" என்று கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. 'நட்பின் பெருமை' என்று கட்டுரையும் வராது. ஒரு கார் ரிப்பேரைப் பற்றி வேண்டுமானால் எழுதுகிறேன் என்றேன். சரி என்றார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன் நண்பர்களே, இதில் பாதி என் மானம் போன கதை.

விழுப்புரம் பக்கம் எங்கள் ஊர். அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மாவின் தம்பி, என் மாமா, பைபாஸ் ரோட்டோரமாகத் தகர ஷெட் போட்டு மெக்கானிக் பட்டறை வைத்திருக்கிறார். எட்டாவதோடு நின்றவர். கார்புரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார். சத்தத்தைக் கேட்டே எந்த சிலிண்டரில் டேப்பட் லூஸ் என்று சொல்வார். ஆனால் வயர் வேலை என்றால் மட்டும் அவருக்கு ஆகாது. "நம்ம டிப்ளமோ வரட்டும்" என்று வண்டியை ஓரங்கட்டி வைத்துவிடுவார். டிப்ளமோ என்பது அடியேன்தான். முதல் செமஸ்டர் ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே எனக்கு அந்தப் பட்டம் கிடைத்துவிட்டது!

2024 மே மாத விடுமுறை. நர்சம்மாவின் கார் பட்டறைக்கு வந்தது. 1999-ம் வருட மாடல், நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம், இருபத்தைந்து வருடம் ஓடிய வண்டியின் மேல் குறை சொல்வது நியாயமும் இல்லை. நர்சம்மா எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் தங்கச்சி பிறந்தபோது ராத்திரி இரண்டு மணிக்கு வந்து பிரசவம் பார்த்தவர். கார் அவர் வீட்டுக்காரர் வாங்கியது. அவர் காலமான பிறகு நர்சம்மாவே ஓட்டுகிறார். முழங்கால் வலிக்கு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய்வர அந்தக் கார்தான் துணை.

காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது, வெயில் ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஐடிலில் நிற்பதில்லை, இப்போது சுத்தமாக ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றார். செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றியது. பற்றவில்லை. சாவியைப் போட்டதும் எரிய வேண்டிய செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை. பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி 'உய்ங்' என்று ஓட வேண்டும், அந்தச் சத்தமும் இல்லை.

"மாமா, இ.சி.யூ. போச்சு" என்றேன்.

நான் செய்த சோதனை அவ்வளவுதான். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பட்டறையில் வேறு எந்தப் பையன் இப்படிச் சொன்னாலும் மாமா "எப்படிடா சொல்ற?" என்று கேட்பார். கேட்டுவிட்டு அவன் பதில் சொல்லும் வரை விட மாட்டார். என்னிடம் கேட்கவில்லை. நர்சம்மாவும் கேட்கவில்லை. "படிக்கிற பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பர்ஸைத் திறந்தார். அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

சென்னை புதுப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். பழைய இ.சி.யூ. வாங்கும்போது மேலே ஒட்டியிருக்கும் பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். ஒரே வண்டியிலேயே கியர் மாடலுக்கு ஒன்று, ஆட்டோமேட்டிக்குக்கு ஒன்று என்று இருக்கும். அதைச் சரியாகத்தான் பார்த்தேன். நாலு கடை ஏறி இறங்கி 5,500 ரூபாய்க்கு வாங்கினேன். ஊருக்கு வந்து பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டேஷ்போர்டுக்குக் கீழே பக்கவாட்டுத் தகட்டை எடுத்து, பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். இம்மொபிலைசர் இல்லாத காலத்து வண்டி, ஆகவே சாவியோடு ஜோடி சேர்க்கும் வேலை இல்லை. சாவியைத் திருகினால், ஒரே அடியில் ஸ்டார்ட்! மாமா டீயும் மசால் வடையும் வாங்கி வந்தார். அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அதே காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். செக் இன்ஜின் விளக்கு இல்லை. பம்ப் சத்தம் இல்லை.

நர்சம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "பரவாயில்லப்பா, பாரு" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். அந்தக் கால் வலியோடு அவர் ரோட்டைக் கடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 5,500 ரூபாய் என்பது அப்பாவுக்கு எத்தனை நாள் கூலி என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. ஏழு நாளுக்கு மேல் வந்தது.

அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு இ.சி.யூ. என்றால் என்னவென்று தெரியாது. "தெரிஞ்சு சொன்னியா, குத்துமதிப்பா சொன்னியா?" என்று மட்டும் கேட்டார். குத்துமதிப்பா என்றேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. துண்டை உதறிப் போட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் மாமாவிடம் வண்டியைத் தொட வேண்டாம், எனக்கு இரண்டு நாள் கொடுங்கள் என்று கேட்டேன். வயரிங் படத்தை ஏ-த்ரீ தாளில் பிரிண்ட் எடுத்து பானட்டில் ஒட்டினேன். இந்த முறை இ.சி.யூ.வை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன்.

பேட்டரி 12.5 வோல்ட். ஃப்யூஸ்களைக் கண்ணால் பார்க்காமல் மீட்டர் வைத்துப் பார்த்தேன். மெயின் ரிலேவை மாற்றிப் பார்த்தேன். பிறகு இ.சி.யூ. கனெக்டரின் பின்பக்கமாக ஊசியை நுழைத்து ஒவ்வொரு சப்ளை பின்னாக அளந்தேன். எப்போதும் வர வேண்டிய பேட்டரி கரண்ட் வருகிறது, சாவி போட்டால் வர வேண்டியதும் வருகிறது. அடுத்து எர்த். இதில்தான் நம்மில் பலர் கோட்டை விடுகிறோம். மீட்டரை ஓம்ஸில் வைத்து 'பீப்' வந்தால் எர்த் நல்லது என்று விட்டுவிடுகிறோம். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கிற வயர்கூட பீப் அடிக்கும்! மாமாவை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, இ.சி.யூ. எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வோல்டேஜ் அளந்தேன். 0.04 வோல்ட். எர்த் நன்றாகவே இருந்தது.

அடுத்து சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட். அது இ.சி.யூ. உள்ளிருந்து வருவது. த்ராட்டில் சென்சார் கனெக்டரில் அளந்தால் பூஜ்யம். உடனே இ.சி.யூ. மேல் பழி போடக்கூடாது. எதாவது ஒரு சென்சார் ஷார்ட் ஆகியிருந்தாலும் அந்த 5 வோல்ட்டை மொத்தமாகக் கீழே இழுத்துவிடும். ஆகவே அந்த லைனில் இருந்த சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி அளந்தேன். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் பூஜ்யம்தான். வயர் எர்த்தில் தொடவில்லை என்பதையும் பார்த்தாகிவிட்டது.

உள்ளே கரண்ட் போகிறது, எர்த் இருக்கிறது, வெளியே எதுவும் வரவில்லை. ஆக இ.சி.யூ.தான். முதல் நாள் ஐந்து நிமிடத்தில் சொன்ன அதே விடை! கணக்குப் போடாமல் விடையை மட்டும் எழுதினால் நம் சார்கள் எத்தனை மார்க் போடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி. மூன்று நாளில் இன்னொன்றும் ஏன் செத்தது? இரண்டு பெட்டிகளையும் திறந்தேன். திறந்ததும் ஒரு வாடை. கருவாடு! டீக்கடையிலிருந்து வருகிறதோ என்று திரும்பிப் பார்த்தேன். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் சர்க்யூட் போர்டிலிருந்துதான் வருகிறது. இரண்டிலுமே.

ஜூனில் காலேஜ் திறந்ததும் இரண்டு போர்டையும் டிபன் பாக்ஸ் பையில் போட்டுக்கொண்டு இசிஇ மூன்றாம் ஆண்டு அக்கா ஒருவரிடம் போனேன் (பேர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்). மோந்து பார்த்ததுமே சிரித்தார். எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டருக்குள் இருக்கும் திரவம் வருஷக்கணக்கில் சூடு பட்டுப் பட்டு அடிப்பக்கமாகக் கசிந்துவிடுமாம். கசிந்த திரவம் போர்டில் இருக்கும் செம்புக் கோடுகளை அரித்துவிடும். லென்ஸ் வழியாகக் காட்டினார். கெபாசிட்டரின் காலடியில் பச்சை பூத்து, மயிரிழை போன்ற ஒரு கோடு பாதியில் காணாமல் போயிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. புதுப்பேட்டையில் நான் வாங்கியதும் அதே வயசு, அதே கெபாசிட்டர். ஒரு நோயாளியை எடுத்துவிட்டு அதே நோய் உள்ள இன்னொருவரைப் படுக்க வைத்திருக்கிறேன்! விற்ற கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, அன்றைக்கு அது ஓடத்தான் செய்தது.

அக்கா இன்னொன்றும் காட்டினார். நர்சம்மாவின் ஒரிஜினல் போர்டில் ஒரு சிப் கருகியிருந்தது. இரண்டாவதில் அப்படி இல்லை. "இந்த சிப் எந்த பார்ட்டுக்குப் போகுதுன்னு பாத்துட்டு வா, அப்புறம்தான் சால்டரிங் அயர்னைத் தொடுவேன்" என்று அனுப்பிவிட்டார். வயரிங் படத்தில் தேடினால் ஐடில் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டெப்பர் மோட்டாருக்குப் போகிறது. சனிக்கிழமை ஊருக்குப் போய் மோட்டாரைக் கழற்றி அளந்தேன். மூன்று சுற்றுகள் 30 ஓம் பக்கமாகக் காட்டின. ஒன்று மட்டும் 7 ஓம். ஷார்ட்! ரெசிஸ்டன்ஸ் குறைந்தால் கரண்ட் கூடும் என்பது ஓம் விதி. அந்தக் கரண்ட்தான் சிப்பைக் கருக்கியிருக்கிறது. இதைக் கவனிக்காமல் ரிப்பேர் செய்த போர்டை மாட்டியிருந்தால் மூன்றாவது முறையும் கயிறு கட்டி இழுத்திருப்போம்.

கருகாத போர்டை எடுத்துக்கொண்டோம். மேலே பூசியிருந்த வார்னிஷைச் சுரண்டி, கசிந்த கெபாசிட்டர்களை எடுத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் விட்டு பிரஷ்ஷால் தேய்த்து, 105 டிகிரி தாங்கும் புதுக் கெபாசிட்டர்களை பிளஸ் மைனஸ் பார்த்து வைத்தார் அக்கா. அரித்துப் போன கோட்டுக்கு மெல்லிய வயரால் பாலம் போட்டார். சாமான் செலவு நூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஸ்டெப்பர் மோட்டார்தான் 900 ரூபாய்.

வண்டி ஸ்டார்ட் ஆனபோது இந்த முறை யாரும் வடை வாங்கவில்லை. நானே வேண்டாம் என்றேன். மத்தியான வெயிலில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, 5 வோல்ட் இறங்குகிறதா என்று மீட்டரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இறங்கவில்லை. ஒரு வாரம் மாமாவே ஓட்டிப் பார்த்த பிறகுதான் நர்சம்மாவைக் கூப்பிட்டோம்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் நான் சோதிக்காமல் சொன்னதையும் சொன்னேன். 5,500-ஐ நான் திருப்பித் தருகிறேன் என்றபோது மாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "போர்டு வண்டியிலதானே இருக்கு, அது வீண் போகலையே" என்றார். நியாயமான பேச்சுதான். நர்சம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "பாதி குடு. பாதி நான் கேக்காம விட்டதுக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைப் பட்டறைக் கூலியில் மாசம் இருநூறு, முந்நூறு என்று கொடுத்து வருகிறேன். ஆஸ்பத்திரி சீட்டுக்குப் பின்னாலேயே தேதி போட்டு வரவு எழுதிக்கொள்கிறார். மாமாவும் இப்போது மாறிவிட்டார். நான் வாயைத் திறந்தாலே "எப்படிடா சொல்ற?" என்கிறார். நர்சம்மாவுக்கு இன்னும் 650 ரூபாய் பாக்கி இருக்கிறது.